புது எஸ்எஸ்டி விண்டோஸ் இன்ஸ்டாலில் தெரியவில்லையா? கடைக்குத் திருப்பும் முன் இதைப் பாருங்கள்

போன வாரம் அக்கா மகன் கருங்கலிலிருந்து பஸ் ஏறி, லேப்டாப்போடு நாகர்கோவிலுக்கு வந்து நின்றான். "மாமா, புது எஸ்எஸ்டி. விண்டோஸ் போடப் போனா டிஸ்க்கே காட்ட மாட்டேங்கு. கடையில திருப்பிக் குடுத்திரட்டா?"

டிஸ்க் பட்டியல் வர வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம். பார்த்தால் எஸ்எஸ்டி, அதாவது ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க், செத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அது நல்ல எஸ்எஸ்டி. உங்களுக்கும் இப்படி ஆனால், இந்த வரிசையில் பாருங்கள்.

படி 1: முதலில் பயாஸ்

விண்டோஸுக்கு முன்னால் ஓடும் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ்தான் பயாஸ். லேப்டாப்பை ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் பட்டனை விடாமல் தட்டுங்கள். சில மாடல்களில் எஃப்10. உள்ளே ஸ்டோரேஜ் பகுதியில் எஸ்எஸ்டியின் பெயர் இருக்கிறதா? இருந்தால் படி 2. இல்லையென்றால் நேராகப் படி 3.

படி 2: பயாஸில் இருக்கிறது, இன்ஸ்டாலில் இல்லை

அவனுக்கு நடந்தது இதுதான். 2020 கடைசியில் வந்த இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் விஎம்டி என்ற, எஸ்எஸ்டிகளை நிர்வகிக்கும் இன்டெல் அமைப்பு ஆன் ஆகியே வருகிறது. என்விஎம்இ எனும் வேகமான வகை எஸ்எஸ்டி அதற்குப் பின்னால் இருப்பதால், விஎம்டிக்கான டிரைவர் இல்லாத இன்ஸ்டாலர் கண்ணில் அது படாது.

லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை (விஎம்டிக்கான டிரைவர் இதில்தான் இருக்கும்) வேறொரு கம்ப்யூட்டரில் இறக்குங்கள். இறக்கிய ஃபைலைப் பிரித்துத்தான் (எக்ஸ்ட்ராக்ட் செய்துதான்) பெண்டிரைவில் போட வேண்டும். ஃபோல்டருக்குள் ஐஎன்எஃப் என்று முடியும் ஃபைல் இருக்க வேண்டும். அவன் பிரிக்காமல் அப்படியே போட்டு வைத்திருந்தான், அதில்தான் ஒரு மணி நேரம் போயிருக்கிறது. பிறகு அந்த வெள்ளைக் கட்டத்தின் கீழே 'லோட் டிரைவர்', 'ப்ரவுஸ்' அழுத்தி ஃபோல்டரைக் காட்டுங்கள். விஎம்டி கன்ட்ரோலர் என்று வருவதைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' கொடுத்தால் எஸ்எஸ்டி வந்து நிற்கும். இந்தக் கட்டத்தில் டச்பேட் வேலை செய்யாமல் போகலாம், யூஎஸ்பி மவுஸ் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்தாலும் எஸ்எஸ்டி தெரியும். பலரும் அதைத்தான் சொல்வார்கள். நான் டிரைவர் போடவே சொல்வேன். என்றைக்காவது பயாஸ் ரீசெட் ஆகி விஎம்டி மறுபடி ஆன் ஆனால், விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும்.

படி 3: பயாஸிலேயே இல்லை

சார்ஜரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, பேட்டரி ஒயரையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள். எஸ்எஸ்டியின் ஸ்குரூவைக் கழற்றியதும் அது லேசாக மேலே எழும்பும். வெளியே எடுத்து, அதே சாய்வில் ஸ்லாட்டுக்குள் முழுதாகத் தள்ளுங்கள். தங்க நிறப் பற்கள் வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தால் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். பிறகு படுக்கவைத்து ஸ்குரூ போடுங்கள், இறுக்கி முறுக்க வேண்டாம். குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையோரம் இருப்பவர்கள் பழைய லேப்டாப் ஸ்லாட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உப்புக் காற்று உலோகத்தைச் சும்மா விடாது.

சரியாக மாட்டியும் வரவில்லையா? வகை மாறியிருக்கலாம். பற்களுக்கு நடுவே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா எனும் பழைய வகை. சில ஸ்லாட்டுகள் இதில் ஒன்றை மட்டுமே ஏற்கும். மாட்டினால் உள்ளே போகும், ஆனால் தெரியாது. உங்கள் மாடலின் மேனுவலில் எது என்று போட்டிருக்கும்.

படி 4: தெரிகிறது, ஆனால் விண்டோஸ் ஏற மறுக்கிறது

புது எஸ்எஸ்டி 'அன்அலொகேட்டட்' (இன்னும் பிரிக்காத காலி இடம்) என்றுதான் காட்டும், அது சரியே. அதைத் தேர்ந்தெடுத்து 'நெக்ஸ்ட்' கொடுங்கள். எம்பிஆர், ஜிபிடி (டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் இரண்டு முறைகள்) என்று பிழை வந்தால் அங்கே தெரியும் பார்ட்டிஷன்களை, அதாவது டிஸ்க்கின் பகுதிகளை, அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள். வேறு டிஸ்க்கும் உள்ளே இருந்தால் அளவைப் பார்த்து உறுதி செய்த பிறகே அழியுங்கள். அழித்தது திரும்பாது.

இதே வகை எஸ்எஸ்டியை ஏற்கும் இன்னொரு லேப்டாப்பில் மாட்டி, அதன் பயாஸிலும் வரவில்லை என்றால் மட்டும் பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.