கேஷ்லெஸ் அட்டை இருந்தும் மருந்துக்குக் கைக்காசு கரைவது ஏன்?

மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும் உள்ள நம்மவர் குடும்பங்கள் பலவற்றில், காப்பீடு எடுத்துவிட்டால் மருந்துச் செலவும் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் இருக்கிறது. நம் நாட்டின் வழக்கமான மருத்துவக் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வாங்கும் மாத்திரைகள், பாலிசியில் ஓபிடி (மருத்துவமனையில் சேராமல் பெறும் வெளிநோயாளி சிகிச்சை) பிரிவு இல்லாவிட்டால், முழுக்க நம் செலவுதான். ஓபிடி சேர்க்க நினைப்பவர்கள், அதற்கான கூடுதல் பிரீமியத்தையும் அது தரும் ஆண்டு உச்சவரம்பையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இல்லையென்றால், நம் பணமே நமக்குத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

பெரிய இழப்பு டிஸ்சார்ஜுக்குப் பிறகு நேர்கிறது. 2020 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அறிமுகப்படுத்திய ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில், மருத்துவமனையில் சேருவதற்கு முந்தைய 30 நாட்களிலும் வீடு திரும்பிய பின் 60 நாட்களிலும் அதே நோய்க்காக வாங்கும் மருந்துகளுக்குப் பணம் உண்டு. ஆனால் இதை நாம் முதலில் செலவழித்துவிட்டு, பில்களைக் கொடுத்துத்தான் திரும்பப் பெற வேண்டும். மும்பையில் இருதய அறுவை செய்துகொண்டு, ஓய்வுக்காகக் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போகிறவர் அங்கே வாங்கும் மருந்துக்கும் கேட்கலாம்; மருத்துவரின் சீட்டு உடன் இருக்க வேண்டும், பில்லில் நோயாளியின் பெயர் இருக்க வேண்டும். செயலி வழியே மருந்து வரவழைக்கும்போது கணக்கு மகன் பெயரில் இருப்பதால் பில்லும் அவர் பெயரிலேயே அச்சாகிவிடுகிறது. கிளெய்ம் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். வைட்டமின் மாத்திரைகளும் அந்தச் சிகிச்சைக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டுமே ஏற்கப்படும்.

கோ-பே, அதாவது ஏற்கப்பட்ட தொகையில் நாம் ஏற்க வேண்டிய பங்கு, என்ற ஒரு வரியைப் பலர் படிப்பதே இல்லை. ஆரோக்ய சஞ்சீவனியில் அது 5 சதவீதம். ஏற்கப்பட்ட தொகை 1,20,000 ரூபாய் என்றால் 6,000 ரூபாய் நம் பொறுப்பு. இதே பாலிசியில் அறை வாடகைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்ற உச்சவரம்பும் உண்டு. 8,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகை வித்தியாசத்தோடு மருத்துவர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டப்படும். மருந்து விலையில் இந்த வெட்டு செல்லாது என்பதால், கணக்குத் தீர்க்கும்போது அந்த வரியைத் தனியாகச் சரிபார்ப்பது நல்லது.

காப்பீடே இல்லாத, 60 வயது கடந்த பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு, பழைய வருமானவரி முறையில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வருமானத்திலிருந்து கழிவு உண்டு. மருந்துக் கடையில் ரொக்கமாகக் கொடுத்த பணம் அதில் சேராது.