பாலஸ்தீன அகதிகள் பற்றிய ஆய்வுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலஸ்தீன அகதிகளைப் பற்றி ஆய்வேடு எழுதுவோர் பலர், ஏறத்தாழ 59 லட்சம் என்ற எண்ணை முதல் பத்தியிலேயே தந்துவிட்டு, அதையே மக்கள்தொகையாகக் கொண்டு மேலே செல்கின்றனர். அது 1950 மே மாதம் பணியைத் தொடங்கிய ஐ.நா. நிவாரண முகமையின் பதிவேட்டு எண். யாருக்கு உதவி வழங்குவது என்பதை முடிவு செய்ய உருவான பதிவேடு அது. 1946 ஜூன் முதல் 1948 மே 15 வரை பாலஸ்தீனத்தில் வசித்து, இஸ்ரேல் உருவானபோது நடந்த 1948 போரில் வீட்டையும் பிழைப்பையும் இழந்தவர்களும் அவர்களுடைய ஆண்வழிச் சந்ததியினருமே அதில் அகதிகளாக இடம்பெறுகின்றனர். 1967 போரில் முதன்முறையாக இடம்பெயர்ந்தவர்களும், இஸ்ரேலுக்குள்ளேயே ஊரிழந்து வாழ்பவர்களும் அந்தக் கணக்கில் இல்லை.

பதிவில் இருப்பவர் தாம் பதிவு பெற்ற நாட்டிலேயே வசிக்கிறார் என்று கொள்வதும் பிழை. லெபனானில் பதிவு பெற்றோர் நான்கரை லட்சத்தைத் தாண்டியிருக்க, முகாம்களிலும் பாலஸ்தீனர் சேர்ந்து வாழும் குடியிருப்புகளிலும் 2017இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு 1,74,422 பேரையே கண்டது. அகதிகள் நிரந்தரமாகக் குடியமர்ந்துவிடுவார்கள் என்ற அச்சம் அரசியலாகவே நடத்தப்படும் அந்நாட்டில், இவ்விரு எண்களில் எதை எடுத்தாலும் ஏன் எடுத்தோம் என்று சொல்லியாக வேண்டும்.

குடியுரிமையையும் அடையாளத்தையும் ஒன்றாக்குவது அடுத்த பிழை. ஜோர்டானில் பெரும்பாலான பாலஸ்தீன அகதிகள் அந்நாட்டுக் குடிமக்கள். ஆயினும் பதிவைக் கைவிடவில்லை. 1967இல் காசாவிலிருந்து அங்கு வந்தவர்களுக்கோ அந்தக் குடியுரிமை கிடைக்கவில்லை. சிரியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தராமலேயே வேலை, கல்வி ஆகியவற்றில் ஏறக்குறைய சம உரிமை தந்தது. இவர்கள் அனைவரையும் 'நாடற்றவர்' என்ற ஒரே சொல்லில் அடக்கும் கட்டுரை எதையும் விளக்குவதில்லை.

களப்பணியில் நேரும் பிழைகளே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. பதிவு பெற்றோரில் மூன்றில் ஒரு பங்கினரே 58 முகாம்களில் வாழ்கின்றனர். ஆய்வாளர்களோ முகாமுக்கே செல்கின்றனர், அதிலும் பெய்ரூத்தின் ஷத்தீலாவுக்கு. 1982 படுகொலையால் உலகறிந்த அம்முகாமில், பல பத்தாண்டுகளாக வெளியாருக்கு ஒரே கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகியவர்கள், வந்தவர் எதிர்பார்க்கும் விடையையே தருவது இயல்பு. நேர்காணலுக்கு ஆள் காட்டியவர் முகாமின் மக்கள் குழுவா, அரசியல் இயக்கமா, தொண்டு நிறுவனமா என்பதையும், விடை சொன்னவரின் பூர்வீக ஊரிலிருந்தே வந்து முகாமுக்கு வெளியே வாழும் குடும்பம் எதுவும் கேட்கப்பட்டதா என்பதையும் ஆய்வேட்டில் பதிவு செய்யாவிட்டால், அந்த விடைகளை எடைபோட வாசகருக்கு வழியில்லை.