சயின்ஸ் ஹேக் டேவுக்கு முதல்முறை போகிறீர்களா? வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

முன்பின் தெரியாத நாலைந்து பேர் ஒரு மேசையில் கூடி, இரண்டு நாளில் அறிவியல் சம்பந்தமாக ஏதாவது ஒன்றைச் செய்து காட்டுவதுதான் சயின்ஸ் ஹேக் டே. 2010இல் லண்டனில் தொடங்கியது. கோடிங் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம், காட்பாடியிலிருந்தோ சத்துவாச்சாரியிலிருந்தோ கிளம்புவதற்கு முன் கீழே உள்ளதைச் செய்துவிட்டால் போதும்.

படி 1: சின்னக் கேள்வி

"பாலாற்றைக் காப்போம்" என்பது மேடைப் பேச்சு. "எங்கள் தெரு போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு, நாலு தெரு தள்ளி எவ்வளவு?" என்று கேட்டால் இரண்டு நாளில் பதில் கிடைக்கும். நாலைந்து வீட்டுத் தண்ணீரைத் தனித்தனி பாட்டிலில் பிடியுங்கள். பிடிக்கும் முன் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசி, இடத்தையும் நேரத்தையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

படி 2: போர்டும் கேபிளும்

ஆர்டுயினோ என்பது சென்சாரை இணைத்து அளவைப் படிக்க உதவும் சின்ன மின்னணு போர்டு. அதற்கான மென்பொருளை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், அங்கே போனால் எல்லோரும் ஒரே வைஃபையில் தொங்குவார்கள். அதோடு வரும் பிளிங்க் என்ற சோதனைப் புரோகிராமை போர்டில் ஏற்றுங்கள். போர்டிலிருக்கும் குட்டி எல்இடி ஒரு விநாடி எரிந்து ஒரு விநாடி அணைந்தால் சரி. மென்பொருளில் இணைப்புகளைக் காட்டும் போர்ட் (port) பட்டியலில் எதுவுமே வரவில்லையென்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில சார்ஜர் கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது, போர்டில் விளக்கு எரியும், ஆனால் லேப்டாப்புக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கேபிள் சரியாக இருந்தும் வரவில்லையா, விலை குறைந்த நானோ போர்டு (ஆர்டுயினோவின் குட்டி வகை) என்றால், லேப்டாப் அதை அடையாளம் காண சிஎச்340 டிரைவர் என்ற மென்பொருளைப் போட வேண்டியிருக்கும்.

படி 3: சென்சார் சொல்வதும் சொல்லாததும்

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு போன்றவற்றின் மொத்த அளவு. டிடிஎஸ் சென்சார் உப்பை நேராக எண்ணுவதில்லை. தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஒரு டிகிரி சூடு ஏறினால் அந்தக் கடத்தல் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். வேலூர் வெயிலில் பைக்கில் வந்த பாட்டிலையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததையும் அப்படியே ஒப்பிட்டால் எண் ஏமாற்றும், அதனால் எல்லாவற்றையும் ஒரே மேசையில் ஓரிரண்டு மணி நேரம் வைத்த பிறகு அளவுங்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம் டிடிஎஸ். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை.

ஒரு விஷயம், தோல் தொழிற்சாலைகள் உள்ள ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இதைச் சொன்னால், தோல் பதனிடும் ரசாயனத்தில் இருக்கும் உலோகமான "குரோமியம் எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இந்த சென்சாருக்கு அது தனியாகத் தெரியாது. டிடிஎஸ் 400 என்று காட்டினால் தண்ணீர் சுத்தம் என்று அறிவித்துவிடாதீர்கள், குரோமியத்தை லேபில்தான் பார்க்க வேண்டும். டெமோவில் யாரும் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

படி 4: குழு

உங்கள் யோசனைக்கு ஆள் சேரவில்லையென்றால் இன்னொருவர் மேசையில் போய் உட்காருங்கள், அதில் வெட்கமில்லை. தோல் கம்பெனியில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் வந்திருந்தால் விடாதீர்கள். எந்தக் கழிவுநீர் எந்த வாய்க்காலில் இறங்குகிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு லேப்டாப் வைத்திருப்பவருக்குத் தெரியாது.

அப்புறம், இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புதிதாக ஒரு வயர்கூடச் செருக வேண்டாம். ஓடுகிற நிலையில் போனில் வீடியோ எடுத்து வையுங்கள், மேடையில் சென்சார் மக்கர் பண்ணினால் அதைப் போட்டுக் காட்டலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுபோனால் பெயர் எழுதி ஒட்டுங்கள், இல்லையென்றால் திரும்பி வராது.