வாயசைவு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்: வீடியோ கன்வெர்ட் செய்யும்போது ஒலி பிசகினால் என்ன செய்வது?

மதுரைப் பக்கம் முகூர்த்த நாளும் ஊர்ப் பொங்கலும் அடுத்தடுத்து வரும் மாதங்களில் எனக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, படம் நல்லா இருக்கு. ஆனா தாலி கட்டி முடிச்ச பெறகுதான் கெட்டிமேளம் கேக்குது." ஒரிஜினல் கோப்பு சரியாக ஓடும். டிவியில் போடவோ பென் டிரைவில் கொடுக்கவோ எம்பி4 ஆக மாற்றியதும் ஒலி பிசகிவிடும். இதைச் சரிசெய்ய நான் பின்பற்றும் வழியை இங்கே எழுதுகிறேன். எல்லாம் இலவச மென்பொருள்கள்தான். தரவிறக்கி நிறுவுவது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். பிசகு முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவில் இருக்கிறதா, போகப்போகக் கூடுகிறதா? இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இணையத்தில் கிடைக்கும் பாதி யோசனைகள் பலிக்காமல் போவதற்கு, இதைப் பிரித்துப் பார்க்காமல் சொல்வதுதான் காரணம்.

முதல் படி: பிசகை அளப்பது

ப்ளூடூத் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வருவது இயல்பு. சில ஹெட்செட்டுகளில் 200 மில்லி நொடி வரைகூடப் போகும். கோப்பில் குறையே இல்லாமல் அதை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. கம்பி ஹெட்போன் அல்லது கணினியின் சொந்த ஸ்பீக்கர் போதும்.

அடுத்து, கோப்பை விஎல்சி பிளேயரில் திறந்து இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள், இன்னொன்று கடைசிப் பக்கம். முகத்தைப் பார்த்து வாயசைவைக் கணிப்பது கடினம், சட்டென்று நடக்கும் காரியமாகப் பாருங்கள். கல்யாண வீடியோவில் தவில் அடி, கோயில் வீடியோவில் தேங்காய் உடைப்பது, நாடக வீடியோவில் ஆல்ரவுண்டு வாசிப்பவர் தாளத்தட்டில் அடிப்பது, இவையெல்லாம் துல்லியமான அடையாளங்கள். கை விழும் கணமும் சத்தம் வரும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

விஎல்சியில் விசைப்பலகையின் 'ஜே', 'கே' எழுத்துகள் ஒலியை 50 மில்லி நொடி வீதம் நகர்த்தும். 'கே' ஒலியைத் தாமதப்படுத்தும், 'ஜே' முன்னே இழுக்கும். பொருந்தி வரும்வரை தட்டுங்கள், எத்தனை மில்லி நொடி என்று திரையிலேயே வரும். முதல் இடத்தில் வந்த எண்ணையும் கடைசி இடத்தில் வந்த எண்ணையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நகர்த்தல் பார்ப்பதற்கு மட்டும்தான், கோப்பில் எதுவும் மாறாது.

எவ்வளவு பிசகைப் பொறுத்துக்கொள்ளலாம்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி படத்துக்கு 45 மில்லி நொடி முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிந்தினால் 125 மில்லி நொடி வரை தெரியாது. ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வரும் என்று காது பழகியிருக்கிறது. தமுக்கம் மைதானத்தில் மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நின்றால் மேளச் சத்தம் ஏறக்குறைய 0.3 நொடி கழித்துத்தான் வந்து சேரும். அதனால் சந்தேகம் வந்தால் ஒலி இம்மியளவு பின்தங்கும்படி விடுங்கள், முந்த விடாதீர்கள்.

இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்

இது சுலபம். எம்கேவி டூல்நிக்ஸ் மென்பொருளில் கோப்பைச் சேர்த்து, பட்டியலில் ஒலித் தடத்தைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கம் 'டிலே' என்று ஒரு பெட்டி இருக்கும். ஒலி முந்தினால் 250 என்பது போல் நேர் எண், பிந்தினால் முன்னே கழித்தல் குறி. 'ஸ்டார்ட் மல்டிபிளெக்சிங்' அழுத்தினால் முடிந்தது. படத்தை மறுபடி சுருக்காமல் நேரத்தை மட்டும் மாற்றுவதால் தரம் குறையாது, பெரிய கோப்பும் சீக்கிரம் முடியும். இதற்குப் போய் எடிட்டிங் மென்பொருளைத் திறந்து மொத்தமாக ரெண்டர் செய்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

போகப்போகக் கூடினால்: செல்போன் வீடியோ

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

செல்போன் கேமரா நொடிக்கு 30 படம் என்று சொன்னாலும் அதை அப்படியே கடைப்பிடிப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். போன் சூடானாலும் படங்கள் விடுபடும். மேலூர்ப் பக்கமோ சோழவந்தான் பக்கமோ விடிய விடிய நடக்கும் நாடகத்தை ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் இரண்டும் சேர்ந்தே நடக்கும். இதற்கு 'வேரியபிள் ஃபிரேம் ரேட்' என்று பெயர். போன் ஒவ்வொரு படத்தின் மேலும் அது வரவேண்டிய நேரத்தைக் குறித்து வைப்பதால் ஒரிஜினல் சரியாக ஓடுகிறது. மாற்றும் மென்பொருள் அந்தக் குறிப்பைப் பார்க்காமல் எல்லாப் படத்தையும் சம இடைவெளியில் அடுக்கினால்தான் வம்பு.

கணக்கைப் பாருங்கள். உண்மையில் சராசரியாக நொடிக்கு 29.5 படம் பதிவாகியிருந்தால் ஒரு மணி நேரத்தில் 1,06,200 படங்கள். அவற்றை நொடிக்கு 30 என்று அடுக்கினால் 3,540 நொடியில் படம் முடிந்துவிடும். ஒலி 3,600 நொடி இருக்கிறது. கடைசியில் ஒரு நிமிடம் பிசகு! முதல் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு 'சரியாகத்தான் இருக்கிறது' என்று கொடுத்தவர்கள் இங்கேதான் திரும்பி வருகிறார்கள்.

உறுதிசெய்ய, கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் ஒரிஜினலைத் திறந்து 'ஃபிரேம் ரேட் மோட்' என்ற வரியைப் பாருங்கள். 'வேரியபிள்' என்றிருந்தால் நோய் இதுதான்.

மருந்து ஹேண்ட்பிரேக் என்ற கன்வெர்ட்டர். மற்ற கன்வெர்ட்டர்களையும் பார்த்திருக்கிறேன். விளம்பரத்தோடு வரும் இலவச கன்வெர்ட்டர்கள் பலவற்றில் ஃபிரேம் ரேட் அமைப்பை மாற்ற இடமே இருப்பதில்லை. ஹேண்ட்பிரேக்கில் 'வீடியோ' தாவலுக்குப் போய் ஃபிரேம் ரேட்டை 30 என்று வைத்து, அருகில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டாவது சொடுக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எண்ணை மட்டும் மாற்றினால் 'பீக்' என்ற அமைப்பிலேயே நின்றுவிடும். அப்படியென்றால் 30-க்கு மேல் போகக்கூடாது என்றுதான் பொருள், கீழே இறங்கலாம். 'கான்ஸ்டன்ட்' போட்டால், குறையும் இடத்தில் முந்தைய படத்தையே மறுபடி வைத்து நிரப்பிவிடும். 'ஆடியோ' தாவலில் ஏஏசி என்ற ஒலி வடிவத்தையும் 48 கிலோஹெர்ட்ஸையும் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.

சோதிக்கும் முறையிலும் ஒரு கவனம் தேவை. நேரத்தை மிச்சப்படுத்த, கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் மாற்றிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். மென்பொருள் நேரே அந்த இடத்துக்குத் தாவித் தொடங்குவதால் சேர்ந்துகொண்டே வரும் பிசகு அதில் தெரியாது. முழுக் கோப்பையும் மாற்ற வேண்டும். அவசரம் என்றால் அளவைச் சிறிதாக்கி, வேகத்தை 'அல்ட்ராஃபாஸ்ட்' என்று வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். கடைசித் தவில் அடி பொருந்தினால் நல்ல தரத்தில் மறுபடி ஓட்டலாம்.

போகப்போகக் கூடினால்: பழைய கேசட்

விஎச்எஸ் கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது வரும் பிசகு வேறு வகை. படத்தைக் கேப்சர் கருவியும் ஒலியைக் கணினியின் சவுண்ட் கார்டும் பதிவு செய்தால், இரண்டின் கடிகாரமும் கொஞ்சம் வேறுபடும். பிசகு சீராகக் கூடிக்கொண்டே போகும். ஒலியையும் அதே கேப்சர் கருவி வழியாகவே எடுத்தால் இது வராது. ஏற்கெனவே பதிவாகிவிட்டது, கேசட்டும் இப்போது ஓடாது என்றால் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள்தான் வழி.

தொடக்கத்தில் பொருந்தி, ஒரு மணி நேரம் கழித்து ஒலி 1.8 நொடி பிந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.8-ஐ 3,600-ஆல் வகுத்தால் 0.05 சதவீதம். ஒலியை ஆடாசிட்டியில் திறந்து, 'சேஞ்ச் டெம்போ'வில் 0.05 என்று கொடுங்கள். வீடியோ கோப்பை நேரே திறக்க ஆடாசிட்டியோடு எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருள் நூலகமும் நிறுவியிருக்க வேண்டும். முடிந்ததும் வேவ் கோப்பாகச் சேமித்து, எம்கேவி டூல்நிக்ஸில் பழைய ஒலித் தடத்தின் டிக்கை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கலாம். அந்த மென்பொருளிலேயே நீட்டிச் சுருக்கும் பெட்டி ஒன்று உண்டு. அது வசனவரிகளுக்கு அருமையாக வேலை செய்யும், ஒலிக்கு அதை நம்ப வேண்டாம்.

நாடா கசங்கிய இடங்களில் படம் விடுபட்டு, பிசகு திடீரென்று தாவினால் சதவீதக் கணக்கு உதவாது. ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் அந்த இடங்களில் ஒலியை வெட்டித் துண்டு துண்டாகத்தான் பொருத்த வேண்டும். பொறுமை பிடிக்கும் வேலை. ஆனால் இப்போது இல்லாத ஒரு தாத்தாவோ அப்பத்தாவோ பேசும் குரல் அந்த நாடாவில்தான் இருக்கிறது என்றால் செய்துதான் ஆக வேண்டும், செய்யுங்கள்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

டிவிடி பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். கல்யாண டிவிடியில் 1 ஜிபி அளவுக்குள் துண்டு துண்டாக விஓபி கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்ற வேண்டாம். முழு வீடியோ ஃபோல்டரையும் கணினிக்கு நகலெடுத்து, அந்த ஃபோல்டரையே ஹேண்ட்பிரேக்கில் திறந்தால் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளும். நம்மூர் டிவிடிகள் 'பால்' (PAL) என்ற வீடியோ முறையில் நொடிக்கு 25 படம் கொண்டவை. அவற்றுக்கு 30 போடாதீர்கள், 25 போடுங்கள்.

இன்னொருவர், போன் தானாகவே நான்கு துண்டாகச் சேமித்த நாடகத்தை ஒட்டியதும் ஒவ்வொரு ஒட்டுக்குப் பிறகும் பிசகு கூடுவதாக எழுதியிருந்தார். ஒவ்வொரு துண்டிலும் படத்தின் நீளமும் ஒலியின் நீளமும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை. மாற்றாமல் அப்படியே ஒட்டும்போது அந்த வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். முதலில் ஒவ்வொரு துண்டையும் மேலே சொன்னபடி 'கான்ஸ்டன்ட்' ஆக மாற்றிவிட்டு, அப்புறம் ஷாட்கட்டின் டைம்லைனில் வரிசையாக வைத்து ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள்.

முடித்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்ட் ஆக அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும், நீங்கள் செய்த வேலை அதில் கெட வாய்ப்புண்டு. வாங்கியவர் கடைசிவரை பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஒரிஜினலை அழிக்காதீர்கள்.