பழைய ஒற்றர் படத்தில் பறப்பது எந்த விமானம்? கண்டுபிடிக்கும் முறை

படத்தில் ஹீரோ ஏறுவது ஒரு விமானம், மேகத்துக்கு மேலே பறப்பது இன்னொன்று, இருக்கைகள் தெரிவது ஸ்டூடியோ செட். இது அடிக்கடி நடக்கும். அதனால் ஒரு காட்சி முழுவதற்கும் ஒரே பெயரைத் தேடாதீர்கள். ஷாட் ஷாட்டாகத்தான் தேட வேண்டும்.

படி 1: விமானம் வரும் ஒவ்வொரு ஷாட்டையும் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எண் போடுங்கள். பக்கவாட்டில் தெரியும் ஃபிரேம்தான் அதிகம் உதவும். மூக்கு மட்டும் தெரிகிற படத்தை நம்ப வேண்டாம்: பிரெஞ்சு கேரவல் ஜெட்டின் மூக்கு, பிரிட்டிஷ் காமெட்டின் மூக்கை அப்படியே எடுத்து வைத்தது.

படி 2: என்ஜின் எத்தனை, எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதிக் குழப்பம் இதிலேயே தீரும். காமெட்டில் நான்கும் இறக்கை உடலோடு சேரும் இடத்துக்குள் புதைந்திருக்கும். கேரவலில் இரண்டு, வாலருகே. 'கோல்ட்ஃபிங்கர்' (1964) படத்தின் தனியார் ஜெட்டில் பின்புறம் பக்கத்துக்கு இரண்டாக நான்கு என்ஜின். அது லாக்ஹீட் ஜெட்ஸ்டார். வி.சி.10 விமானத்துக்கும் பின்னால் நான்குதான். ஆனால் அது பெரிய பயணிகள் விமானம். கிடை வால் செங்குத்து வாலின் உச்சியில் ஆங்கில 'T' வடிவில் நிற்கும். ஜெட்ஸ்டாரில் அது நடுவே குறுக்கிடும்.

படி 3: இறக்கைக்குக் கீழே நான்கு ஜெட் தொங்கினால் போயிங் 707 என்று உடனே எழுதிவிடாதீர்கள். அதேபோலத் தோன்றும் டக்ளஸ் நிறுவனத்தின் டிசி-8 ஆகவும் இருக்கலாம். செங்குத்து வாலின் உச்சியில் முன்னோக்கி ஈட்டிபோல் ஒரு ஆன்டெனா நீண்டிருந்தால் 707. மூக்குக்கு அடியில் நாசித் துவாரம்போல் இரண்டு காற்றுத் துளைகளும், இடைவெளி விட்ட பெரிய ஜன்னல்களும் இருந்தால் டிசி-8.

படி 4: சக்கரம். மூக்கைத் தூக்கி, வாலைத் தரையில் ஊன்றி நிற்கும் இரட்டை என்ஜின் விமானம் டிசி-3 ஆக இருக்கலாம் (நம் ஊர்ப் பேச்சில் டகோட்டா). சோவியத் லி-2 அதன் உரிமம் பெற்ற பதிப்பு. வித்தியாசம் காட்டுவது பயணிகள் கதவு. டிசி-3 விமானங்களில் பெரும்பாலும் இடப்பக்கம், லி-2 என்றால் வலப்பக்கம். ஆனால் எடிட்டர் ஷாட்டையே இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தால் கதவும் மாறிவிடும்! உடலில் உள்ள எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் தெரிகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

படி 5: பதிவெண்ணைப் படியுங்கள். 'ஜி' பிரிட்டன், 'என்' அமெரிக்கா, 'விடி' இந்தியா. 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' (1967) படத்தின் குட்டி ஆட்டோஜைரோவின் (ஹெலிகாப்டர்போல் மேலே சுழலும் இறக்கை கொண்டது) பதிவெண் ஜி-ஏஆர்இசட்பி. அதை வடிவமைத்த கென் வாலிஸே படத்துக்காகப் பறந்தார். படக்குழு பொய் எண் எழுதுவதும் உண்டு. எண்ணும் என்ஜினும் ஒத்துப்போகாவிட்டால் என்ஜினை நம்புங்கள்.

படி 6: 'தண்டர்பால்' (1965) படத்தில் பழகிப் பாருங்கள். முக்கோண இறக்கையோடு பறப்பது நிஜமான அவ்ரோ வல்கன் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். கடலடியில் கிடப்பது முழு அளவு மாதிரி. அடுத்து 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959). சோளக்காட்டருகே துரத்தும் இரட்டை அடுக்கு இறக்கை விமானம் என்3என் என்ற பயிற்சி விமானம். டேங்கர் லாரியில் மோதி எரிவது ஸ்டியர்மேன் என்ற வேறொரு பயிற்சி விமானம். மோதலுக்குச் சற்று முன்னும் பின்னும் நிறுத்தி, சக்கரக் கால்களை ஒப்பிடுங்கள்: ஸ்டியர்மேனுக்குத் தடித்த ஒற்றைக் கால், என்3என்னுக்குக் குறுக்குத் தாங்கிகள் வெளியே தெரியும் கால்.