கணினி திடீரென நின்றுபோனால்: ஃபோமட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீட்டுக் கணினி வேலையின் நடுவே நின்றுபோனதும் பலரும் முதலில் வைரஸைத்தான் சந்தேகிக்கிறார்கள். அடுத்து, ஃபோமட் செய்து தருவதற்கு ஆளைத் தேடுகிறார்கள். கொழும்பு வீடுகளில் அதற்கு முன் பார்க்க வேண்டியவை வெப்பம், கடற்காற்று, மின்சாரம் ஆகிய மூன்றுமே ஆகும். காரணம் இவற்றில் ஒன்றாக இருந்தால், விண்டோஸை எத்தனை முறை மீள நிறுவினாலும் கணினி மறுபடியும் நிற்கத்தான் செய்யும்.

படி 1: எப்படி நின்றது?

திரை உறைந்து மவுஸும் அசையாமல் போனதா, எந்த அறிவிப்பும் இன்றிச் சட்டென்று அணைந்ததா, அல்லது பிழைக்குறியீட்டுடன் நீலத் திரை தோன்றியதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். (விண்டோஸ் 11இல் 2025 முதல் அந்தத் திரை கறுப்பு நிறமாகிவிட்டது.) சட்டென்று அணைவதற்குப் பெரும்பாலும் மின்சாரம் அல்லது வெப்பமே காரணம். நீலத் திரை என்பது, தொடர்ந்து இயங்கினால் தரவு கெட்டுவிடக்கூடும் என்ற நிலையில் விண்டோஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டதன் அடையாளம். குறியீடு சில விநாடிகளில் மறைந்துவிடக்கூடும் என்பதால், உடனே கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

படி 2: பதிவேட்டைப் படியுங்கள்

ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால், 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்ற பகுதி கிடைக்கும். அதில் கோளாறு நேர்ந்த நாட்களில் சிவப்புக் குறிகள் இருக்கும். அவை தொடங்குவதற்குச் சற்று முன் ஏதேனும் மென்பொருளோ டிரைவரோ (கணினியின் பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) புதிதாக நிறுவப்பட்டதா என்று பாருங்கள்.

விண்டோஸின் விரிவான நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவர் வரை செல்பவர்கள், 'கேர்னல்-பவர் 41' என்ற பதிவைக் கண்டதும் பவர் சப்ளை பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டிப் புதியதை வாங்கிவிடுவதுண்டு. அந்தப் பதிவு, முறையாக மூடப்படாமல் கணினி மீளத் தொடங்கியது என்பதை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அதன் விவரப் பகுதியில் 'பக்செக் கோட்' எனப்படும் பிழை எண் பூச்சியமாக இருந்தால் மின்சாரம் நின்றிருக்கலாம் அல்லது கணினி முற்றாக உறைந்திருக்கலாம். வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

படி 3: தூசும் துருவும்

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ காலி வீதிக்குக் கடற்பக்கமாக வசிப்பவர்கள் இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. வீதித் தூசு ஈரக் காற்றோடு சேர்ந்து, ப்ரொசெசரின் மேலுள்ள உலோகத் தகடுகளுக்கு இடையில் கம்பளித் துண்டுபோல் அடைந்துகொள்ளும். மின்விசிறி சுழன்றாலும் காற்று உள்ளே புகாது. பல ப்ரொசெசர்கள் 95 முதல் 100 பாகை செல்சியஸை எட்டியதும் முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் சூடு தணியாவிட்டால் கணினி அணைந்துவிடும்.

பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்த பின்னர் பக்க மூடியைத் திறவுங்கள். மின்விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையாலும் காற்றடிப்பானாலும் தூசை நீக்குங்கள். வீட்டு வெக்யூம் கிளீனர் வேண்டாம். அதன் நிலைமின்சாரம் உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகையைக் கெடுத்துவிடக்கூடும். பிறகு ரேமை (கணினியின் தற்காலிக நினைவகப் பலகை) கழற்றி, அதன் பொன்னிற முனைகளை ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்ததும் இருபுறக் கவ்விகளும் 'கிளிக்' என்று பூட்டும்வரை அழுத்திப் பொருத்துங்கள். உப்புக் காற்றால் அந்த முனைகளில் படியும் மங்கலான படலமே போதும், கணினி காரணமின்றி நிற்பதுபோல் தோன்றுவதற்கு. மடிக்கணினியாயின், உத்தரவாதக் காலம் முடியும்வரை நீங்களாகத் திறக்காமல் இருப்பது நல்லது.

படி 4: மின்சாரம்

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். அது ஒரு கணம் தளர்ந்தாலும் கணினி அணைந்து எழக்கூடும். எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் கெடலாம். 650 விஏ அளவுள்ள ஒரு யூபிஎஸ் (மின்சாரம் நின்றாலும் பேட்டரியால் சிறிது நேரம் மின் தரும் கருவி), சாதாரண மேசைக் கணினியை முறையாக மூடும்வரை தாங்கும். ஆனால் லேசர் பிரிண்டரை ஒருபோதும் அதில் செருகக் கூடாது. சில ஆண்டுகளில் பேட்டரி சோர்ந்துவிடும் என்பதால், எல்லாக் கோப்புகளையும் மூடிவிட்டுச் சுவர்ச் சுவிட்சை அணைத்து அவ்வப்போது சோதித்துப் பாருங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள்; ரவுட்டரின் பிளக்கையும் தொலைபேசிச் செப்புக் கம்பியையும் சேர்த்துத்தான். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும், ரவுட்டரின் அடப்டர் கடத்தும்.

படி 5: வட்டு

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள், கோப்புகள் சேமிக்கப்படும் வட்டின் நிலையைக் காட்டும். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தால், பழுதுபார்க்கும் எந்த முயற்சிக்கும் முன்னர் படங்களையும் ஆவணங்களையும் வேறு வட்டுக்குப் பிரதியெடுங்கள். சாகும் தறுவாயில் உள்ள வட்டை மணிக்கணக்காகச் சோதிப்பதே அதை முடித்துவிடக்கூடும்.

படி 6: டிரைவரும் ரேமும்

புதிய டிரைவருக்குப் பின் கோளாறு தொடங்கியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' செய்து பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரேயொரு பிழையான கோப்பு ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியது. டிரைவர் மட்டத்தில் நேரும் சிறு தவறுக்கு அவ்வளவு வலு உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் நின்றால், 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையை இரவில் ஓடவிடுங்கள். இரண்டு ரேம்கள் இருந்தால், ஒன்றை மட்டும் பொருத்திச் சில நாட்கள் பயன்படுத்திவிட்டு, அதே இடத்தில் மற்றையதை மாற்றிப் பாருங்கள். ஒன்றுடன் மட்டும் கணினி நின்றால் பழுது அந்த ரேமில். இரண்டுடனும் நின்றால் அடுத்த ஸ்லொட்டில் பொருத்திப் பார்க்க வேண்டும்.