பாலியல் வன்முறைக்கு ஆளானவரோடு துணைக்குப் போகிறவர் செய்ய வேண்டியது

18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குறிப்பு இது. அதற்குக் கீழே என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடும். புகார் கொடுப்பது கட்டாயம்.

'கேஸ் கொடுக்கலாமா, வேண்டாமா?' என்ற பேச்சில்தான் வீட்டில் பல மணி நேரம் வீணாகிறது. புகாரைப் பல நாள் கழித்தும் கொடுக்கலாம், மாத்திரை அவ்வளவு நேரம் காத்திருக்காது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் பலன் அதிகம். 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். கருத்தடைக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. அதையும் 72 மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. ஐந்து நாள் வரை கொடுக்கலாம், ஆனால் நாளாக ஆகப் பலன் குறையும். உடலிலிருந்து தடய மாதிரி எடுக்க 96 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு.

மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் எதுவானாலும் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு முதலில் போங்கள். அங்கே மாத்திரை இல்லையென்றால் தாமதிக்காமல் மதுரைப் பெரியாஸ்பத்திரி. 'இது போலீஸ் கேஸ், அங்கே போங்க' என்று தனியார் மருத்துவமனை திருப்பி அனுப்பக் கூடாது. இலவச முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397ஆவது பிரிவு, மறுப்பது குற்றம்.

குளித்துவிட்டாலும் துணியைத் துவைத்துவிட்டாலும் பரவாயில்லை, கூட்டிப் போங்கள். 'ஏம்மா குளிச்ச?' என்று மட்டும் கேட்காதீர்கள். இன்னும் குளிக்கவில்லை என்றால், மாதிரி எடுத்த பிறகு குளிக்கலாம் என்று சொல்லுங்கள். அன்று உடுத்திய துணியை நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். பாலிதீன் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து, தடயம் கெட்டுவிடும். மருத்துவமனையில் துணியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் மாற்றுடை, உள்ளாடை, நாப்கின், தண்ணீர் கொண்டுபோங்கள்.

உள்ளே நுழைவதற்கு முன்பே அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் அனுப்பும். போலீஸ் வந்து நிற்கும்போது அவர் அதிர்ச்சியடைந்தால், பிறகு உங்களையும் நம்ப மாட்டார். சிகிச்சை, தடயச் சேகரிப்பு, புகார் மூன்றும் தனித்தனி முடிவுகள். ஒன்றுக்குச் சம்மதித்து மற்றதை மறுக்கலாம், பாதியில் நிறுத்தச் சொல்லலாம். மறுப்பை எழுதி வாங்கிக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டியது மருத்துவர் கடமை. பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் பரிசோதனை செய்வது தவறான நடத்தை என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. யாராவது அதற்கு முயன்றால் உடனே தடுங்கள்.

புகார் கொடுக்க முடிவெடுத்தால் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், எல்லை தடையில்லை. வாக்குமூலத்தைப் பெண் காவலர்தான் எழுத வேண்டும். விசாரணை வாக்குமூலத்தை அவர் விரும்பும் இடத்திலேயே வாங்கலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள்.

நடந்ததை நீங்கள் தோண்டிக் கேட்காதீர்கள். உங்கள் நோட்டில் கதையாக எழுதி வைத்தால், வாக்குமூலத்தோடு ஒரு வரி மாறினாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். தேதி, நேரம், எங்கே போனீர்கள் என்பது போதும். 'ஏன் கத்தல?' என்பதும் வேண்டாம். பயத்தில் உடம்பு உறைந்துபோவது இயல்பு.

ஊருக்குள் இதைவிடப் பெரிய தொல்லை, 'பேசி முடிச்சுக்கலாம்' என்று வந்து நிற்பவர்கள். பஞ்சாயத்து பேசியோ, பணம் கொடுத்தோ, அவனுக்கே கட்டிவைத்தோ முடிக்கக்கூடிய குற்றம் இல்லை பாலியல் வன்கொடுமை. அந்தப் பேச்சு நடக்கும் இடத்தில் அவரைத் தனியே விடாதீர்கள். அவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து, குற்றம் சாட்டப்பட்டவர் அப்படி இல்லையென்றால் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளையும் எஃப்.ஐ.ஆரில் சேர்க்கச் சொல்லுங்கள். விடுபட்டால் நிவாரணம் தாமதமாகும், விசாரணையும் டி.எஸ்.பி. நிலைக்குப் போகாது.

அவரது பெயரையும் அடையாளத்தையும் வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. குழுக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் 'அந்தத் தெரு, அந்த வீடு' என்பதும் அடையாளம்தான். எந்த நேரம் போன் செய்யலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்று முன்னமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊரில் அடிக்கடி வீட்டுக்குப் போனாலே கண்ணில் படும். டவுனில் சந்திப்பது நல்லது.

பிறகு வரும் வாரங்களில்தான் பலர் கைவிடப்படுகிறார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை குமட்டலைத் தரும், அதனால் நிறுத்திவிடுவார்கள். சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லி, மருத்துவரிடம் கேளுங்கள். மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். வன்கொடுமையால் உண்டான கருவை 24 வாரம் வரை சட்டப்படி கலைக்கலாம். 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வராது. 'ஆமாம்' என்றால் தனியே விடாமல், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு அவர் பக்கத்திலிருந்தே பேசுங்கள்.

இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, இடைக்கால நிவாரணமும் உண்டு. இலவச வழக்கறிஞருக்கும் அங்கேதான், 15100இல் கேட்கலாம். தங்க இடமில்லாதபோது பெண்கள் உதவி எண் 181இல் சொன்னால், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைப்பார்கள். சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பே, பாலியல் வன்கொடுமை வழக்கை மூடிய அறையில்தான் விசாரிப்பார்கள் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி திரை கேட்டு அரசு வழக்கறிஞர் வழியாக மனுப் போடச் சொல்லுங்கள்.